கார்டு பாக்கி ஏன் கரைய மாட்டேன் என்கிறது? வாசகர் கேள்வி - பதில்

கிரெடிட் கார்டில் தங்கிவிட்ட சின்னத் தொகையை, வேறு கடன் வாங்காமல் சிறுகச் சிறுக அடைப்பது பற்றிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலான பதில்களுக்கு ஒரே உதாரணம்தான்: 12,000 பாக்கி, மாதம் 2 சதவீத வட்டி. நாணயத்தின் பெயரைப் போடவில்லை. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு மாறாது. உங்கள் கார்டின் வட்டி இதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மாத ஸ்டேட்மென்டில் அது அச்சாகியிருக்கும், முதலில் அதைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 12,000 பாக்கி இருந்தது. பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் மினிமம் தொகையை ஒரு வருடமாக மாதம் தவறாமல் கட்டி வருகிறேன். புதிதாக எதுவும் வாங்கவில்லை. இன்னும் 8,000-க்கு மேல் நிற்கிறது. வங்கி கணக்கைத் தப்பாகப் போடுகிறதா?

பதில்: வங்கி தப்பாகப் போடவில்லை. மினிமம் தொகையின் அமைப்பே அப்படி. பல கார்டுகளில் மினிமம் என்பது அன்றைய பாக்கியில் ஒரு குறிப்பிட்ட சதவீதப் பங்கு. உங்களுடையது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 12,000-க்கு 240 வட்டி ஏறி 12,240 ஆகிறது. அதில் 5 சதவீதம் 612. நீங்கள் கட்டிய 612-ல் 240 வட்டிக்கே போய்விட்டது, அசலில் குறைந்தது 372 மட்டும். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்திருப்பதால் மினிமமும் குறைகிறது. அதற்கடுத்த மாதம் இன்னும் குறைகிறது. கடன் இறங்க இறங்க நீங்கள் கட்டும் தொகையும் கூடவே இறங்குவதால், அடைக்கும் வேகம் மாதாமாதம் மந்தமாகிறது.

12 மாதம் இப்படிக் கட்டினால் மொத்தம் 6,213 உங்கள் கையிலிருந்து போயிருக்கும். பாக்கியோ 8,224-ல் நிற்கும். அதாவது 2,437 வட்டியாகவே கரைந்திருக்கிறது. பாக்கி பாதியாகக் குறையவே ஏறத்தாழ 22 மாதம் ஆகும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். முதல் மாதம் வந்த அதே 612-ஐ, பில்லில் மினிமம் எவ்வளவு குறைந்து வந்தாலும் பொருட்படுத்தாமல், மாதாமாதம் கட்டிக்கொண்டே போங்கள். முதல் மாதம் கட்டியதைவிட ஒரு காசு கூடுதலாகக் கட்டவில்லை. ஆனால் 26-வது மாதம் கடன் தீர்ந்துவிடும். குறைந்துகொண்டே வரும் மினிமத்தைப் பின்பற்றியவருக்கு அதே 26-வது மாத முடிவில் 5,292 பாக்கி இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கட்ட வேண்டிய தொகையை நீங்கள் முடிவு செய்யுங்கள், பில் முடிவு செய்ய விடாதீர்கள்.

அச்சிட்ட அந்தச் சின்ன எண் மனதை எப்படி இழுக்கிறது என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் நீல் ஸ்டூவர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மினிமம் தொகை அச்சிட்ட மாதிரி பில்லைப் பார்த்தவர்களைவிட, அது இல்லாத பில்லைப் பார்த்தவர்கள் கூடுதலாகக் கட்ட முன்வந்தார்கள். அதே 2009-ல் அமெரிக்காவில் வந்த கார்டு சட்டம், மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலமாகும், மூன்று வருடத்தில் முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஸ்டேட்மென்டிலேயே அச்சிட வைத்தது. உங்கள் ஸ்டேட்மென்டில் அப்படி ஒரு கட்டம் இருந்தால் தவறாமல் படியுங்கள்.

கேள்வி: சரி, மாதம் எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? முடிந்ததைக் கட்டுகிறேன், ஒரு மாதம் 2,000, இன்னொரு மாதம் 500 என்று போகிறது.

பதில்: "முடிந்ததைக் கட்டுகிறேன்" என்பதில்தான் சிக்கல். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டுவது என்று வைத்தால், மிஞ்சாத மாதங்கள்தான் அதிகம் வரும். முதலில் எத்தனை மாதத்தில் முடிப்பது என்று தீர்மானியுங்கள், தொகை தானாக வரும்.

மாதம் 2 சதவீத வட்டியில், ஒவ்வொரு 1,000 பாக்கிக்கும் 6 மாதத்தில் முடிக்க மாதம் 179 வேண்டும், 12 மாதத்தில் முடிக்க 95, 24 மாதத்தில் முடிக்க 53. வட்டி மாதம் 3 சதவீதம் என்றால் இதே எண்கள் முறையே 185, 101, 60. உங்கள் பாக்கியில் எத்தனை ஆயிரம் இருக்கிறதோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். 12,000-ஐ 12 மாதத்தில் முடிக்க மாதம் ஏறத்தாழ 1,135 வருகிறது. அப்படிக் கட்டினால் மொத்த வட்டி 1,617. ஆறே மாதத்தில் முடித்தால் மாதம் 2,143 கட்ட வேண்டும், வட்டி 854. இரண்டு வருடம் இழுத்தால் மாதம் 635 போதும், ஆனால் வட்டி 3,227.

மாதம் 1,135 கட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் மாதம் 240 வட்டி, 895 அசல், பாக்கி 11,105. இரண்டாம் மாதம் வட்டி 222, அசலில் 913 குறைகிறது. மூன்றாம் மாதம் வட்டி 204, அசலில் 931. கட்டும் தொகை மாறாததால், வட்டியில் குறைவது முழுக்க அசலை நோக்கித் திரும்புகிறது. கடைசி மாதம் வட்டி 22-க்கு வந்துவிடும். மினிமம் கட்டுபவருக்குக் கிடைக்காதது இந்த வேகம்தான்.

எங்கள் கருத்து: சின்ன பாக்கிக்கு 12 மாதத்துக்கு மேல் போகாதீர்கள். நீண்ட திட்டம் பாதியில் நின்றுவிடும். ஆனால் மூச்சு முட்டும் தொகையையும் வைக்காதீர்கள். மூன்றாவது மாதமே செலவுக்குப் பணம் போதாமல் மறுபடி கார்டைத் தேய்க்க வேண்டியிருந்தால், அந்தத் திட்டம் தாள் அளவில்தான் சரி. எந்த மாதத்திலும் கைவிடாமல் கட்டக்கூடிய தொகையை வையுங்கள். போனஸோ எதிர்பாராத வரவோ வந்தால் அதை மேலே சேர்த்துப் போடுங்கள், ஆனால் அடுத்த மாதத் தவணையை அதைக் காட்டிக் குறைக்காதீர்கள்.

கேள்வி: 12,000 பில்லில் 11,500 கட்டிவிட்டேன். பாக்கி வெறும் 500. அடுத்த பில்லில் 319 வட்டி போட்டிருக்கிறார்கள். 500-க்கு 319 வட்டியா?

பதில்: பில் தொகையை முழுதும் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம், அதாவது வாங்கிய நாளிலிருந்து பில்லின் கடைசித் தேதி வரை வட்டி போடாத சலுகை, உண்டு. ஒரு பகுதி நின்றாலும், பல கார்டுகளில் அந்தச் சலுகை முழுத் தொகைக்கும் போய்விடும். நின்ற 500-க்கு மட்டும் வட்டி என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் போடுவது, பொருள் வாங்கிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரை முழு 12,000-க்கும் வட்டி.

பில் தேதிக்கு 20 நாள் முன்பு வாங்கியிருக்கிறீர்கள், பில் வந்து 20 நாள் கழித்துக் கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12,000-க்கு 40 நாள், ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால் 316. பிறகு அடுத்த பில் வரை 500-க்கு 10 நாள், அது 3. மொத்தம் 319. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

முழுத் தொகைக்குக் கொஞ்சம்தான் குறைகிறது என்றால், எப்படியாவது புரட்டி முழுதும் கட்டிவிடுங்கள். அந்தக் கடைசி 500-க்கு இருக்கும் மதிப்பு, முதல் 500-க்குக் கிடையாது. பாதிக்கு மேல் குறைகிறது என்றால் சலுகை எப்படியும் போய்விட்டது, பதற்றப்படாமல் மேலே சொன்ன மாறாத தொகைத் திட்டத்துக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: கடனை அடைத்துக்கொண்டிருக்கும்போதே மாதச் செலவை அதே கார்டில் செய்து, செய்த அளவை உடனே கட்டிவிடுகிறேன். பாயின்ட்ஸ் கிடைக்கிறதே என்றுதான். தவறா?

பதில்: வேண்டாம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல ஆகிவிடும். பழைய பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலமே கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சுத்தமான கார்டில் 40, 50 நாள் இலவசமாக நின்ற தொகை, இங்கே முதல் நாளிலிருந்தே வளரும். பாயின்ட்ஸின் மதிப்பு வழக்கமாக வாங்கிய தொகையில் ஒன்றிரண்டு சதவீதம்தான். வட்டி அதை ஒரே மாதத்தில் விழுங்கிவிடும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. புதுச் செலவும் பழைய பாக்கியும் கலந்துவிட்டால், கடன் குறைகிறதா இல்லையா என்பதே உங்களுக்குத் தெரியாது. கார்டில் பதிந்து வைத்திருக்கும் சந்தாக்களை மறந்துவிடாதீர்கள். படம் பார்க்கும் செயலி, போன் பில், இன்சூரன்ஸ் என்று தானாகக் கழியும் எல்லாவற்றையும் டெபிட் கார்டுக்கு மாற்றுங்கள். கடைசி மூன்று ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு மாதாமாதம் திரும்பி வரும் பெயர்களை அடிக்கோடிட்டால் பெரும்பாலானவை சிக்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கழிபவை இதில் தெரியாது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். ஷாப்பிங் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் நீக்கிவிடுங்கள். பீரோவில் கார்டைப் பூட்டி வைத்தாலும், செயலியில் எண் இருக்கும்வரை கார்டு உங்கள் கையில் இருப்பதாகத்தான் அர்த்தம்.

கார்டில் ரொக்கம் எடுப்பது இதைவிட மோசம். எடுக்கும்போதே ஒரு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி, பல கார்டுகளில் வாங்கும் பொருளுக்கான வட்டியைவிட அதிகமான வட்டி. ஒரு கார்டின் மினிமத்தைக் கட்ட இன்னொரு கார்டில் ரொக்கம் எடுக்கத் தோன்றினால், அந்த நேரத்தில் வங்கியை அழைத்துப் பேசுவதே மேல்.

கேள்வி: "உங்கள் பாக்கியை மாதத் தவணையாக மாற்றிக்கொள்ளுங்கள், மாதம் 1 சதவீதம் மட்டுமே" என்று மெசேஜ் வருகிறது. இன்னொரு வங்கி, பாக்கியை அவர்கள் கார்டுக்கு மாற்றினால் ஆறு மாதம் வட்டியே இல்லை என்கிறது. எது நல்லது?

பதில்: முதலில் அந்த 1 சதவீதத்தைப் பார்ப்போம். அது ஃபிளாட் வட்டியா, குறையும் பாக்கிக்கு வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் பாதியை அடைத்த பிறகும் முழு 12,000-க்கும் வட்டி போடுவார்கள். 12 மாதத்துக்கு 1,440 வட்டி, மாதத் தவணை 1,120. ஆண்டுக்கு 12 சதவீதம்போலத் தோன்றும் இது, குறையும் பாக்கிக் கணக்கில் 21 சதவீதத்துக்கும் மேல். இப்போதைய 24-ஐவிடக் கொஞ்சம் குறைவுதான். மேலே பிராசசிங் ஃபீஸும், அதன்மேல் வரியும் சேர்ந்தால் லாபம் ஏறத்தாழ இல்லாமலே போய்விடலாம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வியாகவும் இருக்கலாம்: "எல்லாக் கட்டணமும் சேர்த்து, கடைசித் தவணை வரை நான் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" அந்த எண்ணை 13,617-உடன் ஒப்பிடுங்கள். நீங்களே மாதம் 1,135 கட்டி முடித்தால் ஆகும் மொத்தச் செலவு அது.

ஆனாலும் சிலருக்குத் தவணை நல்லது. தானாக ஒழுங்காகக் கட்ட முடியவில்லை, தொகை நிலையாக இருந்தால்தான் கட்டுவேன் என்பவர்களுக்கு அந்தக் கட்டாயமே உதவி. மாற்றியதும் சில கார்டுகளில், செலவு செய்யக்கூடிய உச்ச அளவான லிமிட் மறுபடி தெரியலாம். அது புதுப் பணம் இல்லை.

அடுத்தது பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றுவது. மாற்றும் கட்டணம் 3 சதவீதம் என்றால் 360. ஆறு மாதத்தில் மாதம் 2,060 வீதம் கட்டி முடித்துவிட்டால், 854 வட்டிக்குப் பதில் 360-உடன் போகும். நல்ல பேரம்தான். ஆனால் இரண்டே மாதத்தில் முடிக்க முடியும் என்றால், பழைய கார்டிலேயே வட்டி 361-தான் ஆகும், மாற்றுவதில் பயனே இல்லை. அதே நேரம் ஆறு மாதத்தில் முடிக்காவிட்டால் மீதிக்கு வழக்கமான வட்டி தொடங்கிவிடும். ஒரே ஒரு தவணைக்குத் தாமதமானால் சலுகையையே ரத்து செய்யும் நிபந்தனையும் சில ஒப்பந்தங்களில் உண்டு. சலுகை மாற்றிய பாக்கிக்குத்தான், அந்தக் கார்டில் புதிதாக வாங்குவதற்கு இல்லை என்பதையும் பலர் பில் வந்த பிறகே பார்க்கிறார்கள். ஆறு மாதம் வட்டியில்லை என்றால் ஐந்தால் வகுத்து, மாதம் 2,472 வீதம் கட்டத் திட்டமிடுங்கள். ஒரு மாதம் கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: சேமிப்புக் கணக்கில் 20,000 இருக்கிறது. அதைத் தொட மனமில்லாமல் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கார்டைக் கட்டுகிறேன். சரிதானே?

பதில்: தொட மனமில்லாதது புரிகிறது. ஆனால் கணக்கு உங்கள் பக்கம் இல்லை. சேமிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம் கிடைத்தால் 12,000-க்கு 480 வருகிறது. அதே 12,000-ஐக் கார்டில் ஒரு வருடம் தவணையாக அடைக்க 1,617 போகிறது.

அதற்காக மொத்தத்தையும் துடைத்து எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மாதத்தின் தவிர்க்க முடியாத செலவை அப்படியே விடுங்கள். அது 10,000 என்றால், மீதி 10,000-ஐக் கார்டில் போடுங்கள். நிற்கும் 2,000 மாதம் 1,135 வீதம் இரண்டே மாதத்தில் முடியும், வட்டி 58. மூன்றாவது மாதத்திலிருந்து அதே 1,135-ஐச் சேமிப்புக்குத் திருப்பினால் ஒன்பது மாதத்தில் எடுத்த 10,000 திரும்பி வந்துவிடும். சேமிப்பே இல்லாமல் கடனை அடைப்பவர்களுக்குத் திடீர்ச் செலவு வரும்போது மறுபடி கார்டுதான் கைகொடுக்கும், அதனால்தான் ஒரு மாதச் செலவை விட்டுவைக்கச் சொல்கிறோம்.

கேள்வி: இரண்டு கார்டு. ஒன்றில் 3,000, மாதம் 1.5 சதவீதம். மற்றதில் 9,000, மாதம் 2.5 சதவீதம். மாதம் 1,000 ஒதுக்க முடியும். எதை முதலில் முடிப்பது?

பதில்: இரண்டிலும் மினிமத்தைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை ஒன்றில் குவிக்க வேண்டும். இரண்டிலும் சமமாகப் பிரித்துப் போடாதீர்கள். சின்ன கார்டுக்கு 150, பெரிய கார்டுக்கு 450 கட்டாயம் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் 400 எங்கே போவது என்பதுதான் கேள்வி. அதிக வட்டி உள்ள 9,000 பக்கம் திருப்பினால் மொத்த வட்டி 2,059. சின்ன பாக்கியை முதலில் ஒழித்தால் 2,308. இரண்டு வழியிலும் 15-வது மாதம்தான் முடிகிறது, வித்தியாசம் 249.

கணக்குப்படி அதிக வட்டியே முதலில். ஆனாலும் 249 என்பது ஒரு தாமதக் கட்டணம் விழுங்கிவிடக்கூடிய தொகை. சின்ன கார்டை ஆறாவது மாதமே மூடிவிட்டால், நினைவில் வைக்க வேண்டிய கடைசித் தேதி ஒன்று குறைகிறது, மனதுக்கும் தெம்பு வருகிறது. தேதிகளை மறக்கும் பழக்கம் உள்ளவர்கள் சின்னதை முதலில் முடிக்கலாம். மற்றவர்கள் வட்டி அதிகமானதிலிருந்து தொடங்குங்கள். வட்டி இடைவெளி இதைவிடப் பெரிதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதிக வட்டிதான் முதலில்.

கேள்வி: பில் வருவதற்கு முந்தின நாளே 1,135 கட்டிவிட்டேன். அடுத்த மாதம் தாமதக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். முன்கூட்டிக் கட்டியதற்குத் தண்டனையா?

பதில்: பலரும் சிக்கும் இடம் இது. பில் தயாராகும் தேதிக்கு முன்பு கட்டியது பழைய சுற்றில் சேர்ந்துவிடும். பில் வந்த பிறகு அதில் புதிதாக ஒரு மினிமம் இருக்கும், அதைப் பில் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் தனியாகக் கட்டியாக வேண்டும். நேற்றுத்தானே கட்டினேன் என்பது கணினிக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் மாறாத தொகை எப்போதும் பில் தேதிக்குப் பிறகு, கடைசித் தேதிக்கு மூன்று வேலைநாள் முன்பாகப் போய்ச் சேரட்டும். வேறு வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பும் பணம் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம், இடையில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். சம்பளத் தேதி இந்த இடைவெளியில் விழவில்லை என்றால், பில் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். பல வங்கிகள் மாற்றித் தருகின்றன.

பணம் தானாகக் கழியும் ஆட்டோ பே வைத்திருந்தால் அதில் எந்தத் தெரிவு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மினிமம், முழுத் தொகை, நிலையான தொகை என்று மூன்று வரை இருக்கலாம். மினிமத்தில் விட்டுவிட்டு, கடன் தானாகத் தீர்வதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நிலையான தொகை இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் மினிமத்தைப் பாதுகாப்புக்கு ஆட்டோ பேயில் விட்டு, மீதியைச் சம்பளம் வந்த அடுத்த நாளே கையால் அனுப்புங்கள். கழியும் நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கியும் கட்டணம் போடும், கார்டும் போடும். கடையில் திருப்பிக் கொடுத்த பொருளுக்கு வரும் ரீஃபண்டையும் கட்டியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாக்கி குறையும், ஆனால் பெரும்பாலும் மினிமம் கட்டியதாகக் கணக்காகாது.

சீக்கிரம் கட்டினால் வட்டி குறையுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். குறையும், வட்டி தினசரி பாக்கியை வைத்துத்தான் போடப்படுகிறது. ஆனால் 1,200-ஐ 20 நாள் முன்னதாகக் கட்டினால் மிச்சம் 16-தான். பணம் வேறு செலவில் கரைவதற்குள் கட்டிவிடுவதுதான் உண்மையான லாபம்.

கேள்வி: கொஞ்சம் பாக்கி வைத்திருந்தால்தான் கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்கிறார்களே?

பதில்: இல்லை. கார்டைப் பயன்படுத்தி நேரத்துக்குக் கட்டினால் போதும், வட்டி கட்டியதற்காக யாரும் மதிப்பெண் தருவதில்லை. லிமிட்டில் எவ்வளவு பங்கு பயன்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். 15,000 லிமிட்டில் 12,000 நின்றால் 80 சதவீதம், அது ஸ்கோரை இறக்கும். 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, குறையக் குறைய நல்லது.

கேள்வி: வேலை போய்விட்டது. இந்த மாதம் மினிமம்கூட முடியாது. என்ன செய்வது?

பதில்: கடைசித் தேதிக்கு முன்பே கஸ்டமர் கேரை அழையுங்கள். தவறிய பிறகு பேசுவதைவிட, தவறுவதற்கு முன்பு பேசுபவருக்கு வழிகள் அதிகம். வட்டியைக் குறைப்பது, சில மாதம் தாமதக் கட்டணத்தை நிறுத்தி வைப்பது, நீண்ட தவணையாக மாற்றுவது போன்றவை கிடைக்கலாம். அழைப்பதற்கு முன் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற ஒரு எண்ணைக் கையில் வைத்திருங்கள். கட்ட முடியாத தொகைக்குச் சங்கடத்தில் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். முடிவானதை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வாங்கிக்கொள்ளுங்கள், பேசிய தேதியையும் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள்.

"ஒரு தொகையைக் கட்டிவிடுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம்" என்று செட்டில்மென்ட் பேசினால் அவசரப்படாதீர்கள். முழுதும் அடைத்ததாக இல்லாமல், பேசி முடித்ததாகக் கடன் வரலாற்றில் பதிவாகும். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னே வந்து நிற்கும். சின்ன பாக்கிக்கு அந்தத் தழும்பு தேவையில்லை. வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை நிறுத்திவிட்டுக் கார்டைக் கட்டவும் வேண்டாம்.

கேள்வி: ஸ்டேட்மென்டில் இருந்த கடைசி 4,000-ஐயும் முழுதாகக் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் 50 வட்டி என்று மறுபடி பில் வந்திருக்கிறது. இதற்கு முடிவே இல்லையா?

பதில்: இதுதான் முடிவு, கவலைப்படாதீர்கள். பில் தயாரான நாளில் பாக்கி 4,000. நீங்கள் கட்டியது 19 நாள் கழித்து. அந்த 19 நாளுக்கான வட்டி அந்தப் பில்லில் வந்திருக்க முடியாது, அடுத்ததில்தான் வரும். கணக்குப் போட்டால் 50-தான். இதை வால் வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

தொகை சின்னது என்று அலட்சியமாக விட்டுவிடுவதுதான் ஆபத்து. கட்டாமல் விட்ட 50-க்கும் சில கார்டுகளில் தாமதக் கட்டணம் விழலாம். கடன் வரலாற்றிலும் தவறிய தவணையாகப் பதியலாம். கடைசித் தவணை கட்டும்போது, ஸ்டேட்மென்ட் தொகையைப் பார்க்காமல், கஸ்டமர் கேரில் "இன்றைய தேதிக்கு வட்டி உட்பட முழுதும் முடிக்க எவ்வளவு?" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டினால் வால் வராது.

அதன் பிறகு இரண்டு ஸ்டேட்மென்ட் பூஜ்யம் என்று வரும்வரை பார்த்துக்கொண்டிருங்கள். வட்டியில்லாக் காலம் திரும்ப வந்துவிட்டதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும், அதுவரை அந்தக் கார்டில் எதையும் வாங்காதீர்கள். கார்டை வைத்திருப்பதாக இருந்தால், ஆண்டுக் கட்டணம் எந்த மாதம் விழும் என்று குறித்து வையுங்கள். பூஜ்யத்தில் இருக்கும் கார்டில் யாரும் பார்க்காமல் விழுந்து வளரும் பாக்கி பெரும்பாலும் அதுதான். மூடுவதாக இருந்தால், சேர்ந்திருக்கும் பாயின்ட்ஸை முதலில் பயன்படுத்திவிட்டு, எழுத்தில் விண்ணப்பித்து, பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றை வாங்கி, கார்டின் சிப்பையும் காந்தப் பட்டையையும் குறுக்காக வெட்டிப் போடுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் அந்தச் சான்றின் நகலை இணைத்து வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.